அடிக்கு ஒரு நூல்

முப்பதுகளின் நடுவில் நான் ஓவர்சீயர் வேலைக்கு வந்தேன். இருபத்து நாலு வயது. வாசுதேவநல்லூர்ப் பக்கம், நெல்லைத் தவிர வேறு பேச்சில்லாத ஒரு வீட்டிலிருந்து பட்டணம் போய்ப் படித்துவிட்டு வந்தவன். வேலையில் சேர்ந்து பத்து மாதம்கூட ஆகாத நிலையில், குற்றாலத்தில் சீசனுக்கு வரும் உத்தியோகஸ்தர்கள் தங்க ஒரு விடுதி கட்டச் சொல்லி எங்கள் ஆபீசுக்கு உத்தரவு வந்தது. நடுவில் ஒரு கூடம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு அறைகள், பின்னால் சமையல்கட்டு. மேற்பார்வையை என் தலையில் வைத்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

படித்த இடத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். கட்டடத்தில் ஏமாற்ற நினைக்கிறவன் செங்கல்லில் ஆரம்பிப்பான். கல் ஒன்பது அங்குல நீளம், நாலரை அகலம், மூன்று உயரம் இருக்க வேண்டும். இரண்டு கல்லை அகலவாட்டில் சேர்த்து வைத்தால் ஒரு கல்லின் நீளம் வர வேண்டும். அப்போதுதான் ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசை கட்டுக் கோத்து நிற்கும். ஒரு கல்லை மட்டும் அளந்தால் தெரியாது. ஆகவே குவியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கல் எடுத்து, இடைவெளி இல்லாமல் ஒரே வரிசையாகத் தரையில் அடுக்கி அளக்க வேண்டும். இருபது கல்லுக்குப் பதினைந்து அடி. ஒரு அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் தள்ளிவிட வேண்டும்.

ஆபீசில் ஒரே ஒரு இரும்பு டேப் இருந்தது. அது பெரும்பாலும் எஞ்சினீயரோடு திருநெல்வேலியில்தான் இருக்கும். ஆகவே நானே ஒரு அடிக்கோல் வாங்கிக்கொண்டேன். செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடை. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோன யாரோ ஒருவருடைய உளி, அரம், சுத்தியல் எல்லாம் அங்கே விற்பனைக்கு வந்திருந்தன. அவற்றோடு பித்தளைக் கீல் வைத்து நாலாக மடக்குகிற இரண்டடிக் கோல் ஒன்று கிடந்தது. மஞ்சள் மரம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. கோடுகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. ஒரு மடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போன பொடி எழுத்துகள் இருந்தன. செய்த கம்பெனியின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சட்டைப் பையில் அது இருக்கிற கனமே எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

செங்கல் கொடுக்க ஒப்புக்கொண்டவர் தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவில் ஒரு குளத்தங்கரையில் சூளை வைத்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் மனைவிதான் அச்சில் மண்ணைப் போட்டுக் கல் அறுக்கிறவள். மண் மிதிப்பதும் சூளை வேகவைப்பதும் அவர் வேலை. அவர்களோடு ஏழெட்டுப் பெண்கள். முப்பதாயிரம் கல்லை ஒரே சூளையாக வேகவைத்து, மாசி மாதம் வண்டி வண்டியாகக் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். நல்ல சிவப்பு. ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்டது.

நான் இருபது கல்லைப் பொறுக்கி எடுத்து அடுக்கச் சொன்னேன். கொத்தனார், வண்டிக்காரர்கள், சூளைப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். குனிந்து, கோலை வைத்து வைத்து அளந்தேன். பதினாலடி பத்தங்குலம் வந்தது.

மறுபடி அளந்தேன். அதே அளவு. வேறு இருபது கல்லை எடுத்து அளந்தேன். அதுவும் அப்படியே. கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறைவு.

"கல் சின்னதா இருக்கு" என்றேன்.

சூளைக்காரர் நம்பவில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்துக் கட்டைவிரலை ஒரு முனையிலும் சுண்டுவிரலை மறுமுனையிலும் வைத்துக் காட்டினார். "ஒரு சாண் இருக்குய்யா. நான் எப்பவும் இதை வச்சித்தான் பாக்கேன். பதினஞ்சு வருசமா ஒரு இடத்துலயும் யாரும் குறை சொன்னதில்ல."

"உன் சாண் எல்லாம் எனக்குக் கணக்கில்லை. அச்சைக் கொண்டு வா."

அச்சு வந்தது. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதால் அச்சைப் பெரிதாகத்தான் செய்வார்கள். "ஒம்பதே முக்கால் அச்சுய்யா. வெந்து வந்தா ஒம்பது நிக்கும்" என்றார். உள்ளே கோலை வைத்துப் பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு நூல் குறைந்தது. எட்டு நூல் ஒரு அங்குலம். அந்த ஒரு நூலைக் கண்டதும் எனக்குத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

"பார்த்தியா, அச்சே குறைவு. பழைய அச்சு, தேய்ஞ்சு போச்சு."

அப்போது அவர் மனைவி முன்னால் வந்தாள். கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிற குரல். "அச்சுக்கு உள்பக்கம் தேஞ்சா கல்லு பெருசாகத்தானய்யா செய்யும். எப்படிச் சின்னதாகும்?"

நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினேன். அதற்குப் பதில் என்னிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் சுற்றி நிற்கும்போது பதில் இல்லாமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றேன்.

முழுவதையும் தள்ளினேன்.

தள்ளிய கல் இரகசியமாகத் திரும்பவும் சுவருக்குள் வந்துவிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்திலும் அது எழுதியிருந்தது. வேலை நடக்கிற இடத்திலேயே கல்லை உடைத்து ஜல்லியாக்கிவிட வேண்டும்; சுண்ணாம்போடு கலந்து தளம் போட அந்த ஜல்லி ஆகும். அதை நான் ஒரு எழுத்து பிசகாமல் நிறைவேற்றினேன். உடைக்க ஆள் வேண்டும். கல் அறுத்த அதே பெண்களே கூலிக்கு வந்தார்கள். வேறு வேலை அப்போது இல்லை. அவர் மனைவியும் வந்தாள். பதினோரு நாள் அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் அறுத்த கல்லைத் தாங்களே சுத்தியலால் உடைத்தார்கள். சீசன் இல்லாத ஊரில் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும்.

மூன்றாம் நாள் சூளைக்காரர் வந்தார். உடைந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து உள்பக்கம் பார்த்தார். நடுவரைக்கும் ஒரே சிவப்பாக வெந்திருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு சில மாதம் அவரை நான் பார்க்கவில்லை.

வேறொரு சூளைக்காரர் என் அளவுக்கு அச்சைத் திருத்திச் செய்து கல் கொடுத்தார். இருபது கல் பதினைந்து அடி இருந்தது. என் கோலில் இருந்து அளவெடுத்து ஒரு நீளச் சட்டத்தில் கோடு போட்டுக் கொத்தனாரிடம் கொடுத்தேன். அதை வைத்து அவர் சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் சுவர்களை எழுப்பிவிட்டார். சாரல் தொடங்குமுன் கூடத்துக்கு உத்தரம் ஏற்றிக் கூரையை மூடிவிட வேண்டும் என்று எல்லாரும் பரபரப்பாக இருந்தோம்.

உத்தரங்களைச் செய்தவர் செங்கோட்டை ஆசாரி. கூடத்தின் உள் அகலம் பதினாறு அடி. சுவரின் மேல் பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் உட்கார வேண்டும். ஆக ஒவ்வொரு உத்தரமும் பதினேழரை அடி. உட்காருவதற்குச் சுவரில் அளவாகக் குழி விட்டிருந்தோம். ஒரு காலை வேளையில் முதல் உத்தரத்தைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஒரு பக்கத்தைக் குழிக்குள் முட்டத் தள்ளினால், மறு பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி நின்றது.

"கட்டையைக் குறைச்சு அறுத்துட்டீரே" என்றேன் ஆசாரியிடம்.

அவர் சாரத்தின் மேலிருந்து நிதானமாகக் கீழே பார்த்தார். "கட்டை பதினேழரை சரியா இருக்கு சாரே. சுவருதான் கூடுதலு."

"சுவரை நான் அளந்திருக்கேன்."

"கட்டையை நான் அளந்திருக்கேன்."

இரண்டாவது உத்தரமும் அப்படித்தான் நின்றது. மூன்றாவதும். நான் சாரத்தில் ஏறிக் கூடத்தை அளந்தேன். பதினாறு அடி. இறங்கி வந்து கீழே கிடந்த உத்தரத்தை அளந்தேன். பதினேழடி நாலங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. "பாரும். ரெண்டங்குலம் குறையுது" என்றேன்.

ஆசாரி இறங்கி வந்தார். இடுப்பில் செருகியிருந்த தன் கோலை எடுத்து அதே உத்தரத்தை அளந்தார். பதினேழரை. என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கோலை வாங்கி, உத்தரத்தின் மேல் தன் கோலுக்கு அருகில் வைத்தார். இரண்டின் முனையையும் கட்டை விரலால் தடவிச் சமன் பண்ணினார். மறுமுனையைக் குனிந்து பார்த்தோம். அவருடைய இரண்டடி முடிந்த பிறகும் என்னுடைய கோல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நூல்.

"உம்ம கோல் குட்டை" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. அவர் அப்படி ஒப்புக்கொண்டதுதான் என் கோலை முதலில் சந்தேகப்பட வைத்தது.

அப்போதே பஸ் பிடித்துத் தென்காசிக்குப் போனேன். சன்னதித் தெருப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே சர்க்கார் முத்திரை அடித்த இரும்பு கெஜக்கோல் உண்டு. ஒரு கெஜம் மூன்றடி. கல்யாணக் கூட்டம் ஒன்று உட்கார்ந்து துணி எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "வாங்க, வேட்டியா துண்டா?" என்றார். நான் கெஜக்கோலைக் கேட்டு வாங்கி, விரித்துக் கிடந்த துணிகளின் மேலேயே வைத்து, என் கோலைப் பக்கத்தில் வைத்தேன். ஓரடிக்கு வரும்போது என்னுடைய கோடு ஒரு நூல் தள்ளி இருந்தது. இரண்டடிக்கு இரண்டு நூல். முனையில் ஒரு குறி போட்டுக் கோலை நகர்த்தி மூன்றடிக்குப் பார்த்தேன். மூன்று நூல்.

எனக்கு முதலில் உத்தரம் ஞாபகம் வரவில்லை, சுவர் ஞாபகம் வரவில்லை. பதினைந்து அடிக்குப் பதினைந்து நூல். இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. கூட்டிப் பார்க்கவே வேண்டாம். அந்தக் கணக்கு தானாக வந்து நின்றது. பிறகு அந்தப் பெண் கேட்டது காதில் கேட்டது. அச்சு தேய்ந்தால் கல் எப்படிச் சின்னதாகும்.

கடைக்காரர் ஏதோ கேட்டார். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கல்யாணப் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு பெண் தன் புடவையை என் காலடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

கடைக்காரர் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொடுத்தார். கோலின் மேல் இருந்த பிசுக்கைத் துடைத்தேன். பொடி எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. கம்பெனிப் பெயர் இல்லை. இரும்பு வார்ப்புக்கான சுருக்கக் கோல், அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பட்டறையில் இரும்பை உருக்கி வார்க்கும்போது ஆறினால் அது சுருங்கும். அதற்காக மாதிரிக் கட்டையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருப்பதற்காக, அடியையே ஒரு நூல் நீட்டி அடித்த கோல். வார்ப்பு வேலைக்காரனுக்கு மட்டுமே ஆனது. அதை வைத்து அளந்து நான் முப்பதாயிரம் கல்லைத் தள்ளியிருந்தேன்.

மறுநாள் எஞ்சினீயர் திருநெல்வேலியிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படுவார், சஸ்பெண்டு பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் இரும்பு டேப்பால் கூடத்தை ஒரு முறை அளந்தார். பதினாறு அடி இரண்டு அங்குலம். சிரித்தார்.

"பரவாயில்லை ஐயா. கட்டடம் கொஞ்சம் பெரிசாத்தானே வந்திருக்கு, சின்னதா இல்லையே. உத்தரத்துக்குச் சுவர்ல எட்டங்குலம் உட்காருது, அது போதும். இடைவெளியைக் காரை வச்சு அடைக்கச் சொல்லும்."

"செங்கல் சார்."

"எந்தச் செங்கல்?"

"நான் தள்ளின செங்கல்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அது ஜல்லியாப் போச்சே. இனிமே அதுல என்ன இருக்கு? எழுத்துல ஒண்ணும் வேண்டாம். புது கோல் ஒண்ணு வாங்கிக்கும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தவறு என்னை எவ்வளவு உலுக்கியதோ, அதே அளவுக்கு அவருடைய சிரிப்பும் உலுக்கியது. அவர் கெட்டவர் இல்லை. மதியம் என்னைக் கூட வைத்துத்தான் சாப்பிட்டார். சாப்பிடும்போது மகளுக்கு வரன் பார்க்கிறதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சூளைக்குப் போனேன். குளத்தங்கரையில் சூளை இடிந்து கிடந்தது. கல் அறுக்கிற இடத்தில் ஆடு கட்டியிருந்தது. சூளைக்காரரின் மனைவி வெளியே வந்தாள். பின்னால் இரண்டு பெண் குழந்தைகள்.

"அவரைப் பார்க்கணும்" என்றேன்.

"அவுக கொல்லத்துக்குப் போயிட்டாவ. அங்கன ஓட்டு பாக்டரியில மண் சுமக்காவ. மூணு மாசமாவுது. இன்னும் என்னய்யா குறை?"

சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "உங்க கல் சரியான அளவுதான். என் கோல் தப்பு" என்று மட்டும் சொன்னேன். அதுவரை அவளை நீ என்றுதான் பேசிவந்தேன் என்பது, உங்க என்று வாயில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் சுத்தியல் பிடித்த இடம் காய்த்துப் போயிருந்தது.

"பதினோரு நாள் உடைச்சேன்யா" என்றாள்.

பிறகு குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, "அவுக கிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவ" என்றாள்.

மறுநாள் செங்கோட்டையில் ரயில் ஏறினேன். மலைக்குள் புகுந்து புகுந்து போகிற வண்டி. எல்லாரும் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. கொல்லத்தில் ஓட்டுத் தொழிற்சாலையை விசாரித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மண் குவித்திருந்த முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். அவரை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தார். முகத்தில் பயம் தெரிந்தது. நான் அவரைப் பிடித்துப் போக வந்திருப்பதாக நினைத்தார் என்று பிறகு தெரிந்தது.

ஓடு அடுக்கியிருந்த கொட்டகை நிழலில் நின்று, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஆசாரி, உத்தரம், ஜவுளிக்கடை, கோலில் இருந்த எழுத்து. கடைசியில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"எங்கல்லு ஒரு சாண் இருந்துச்சா?"

"இருந்தது. சரியா ஒன்பது அங்குலம்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பார்த்தார்.

"எங் கை சுருங்கிட்டுன்னு நெனைச்சேன்யா" என்றார். "அச்சும் குறையுது, கல்லும் குறையுதுன்னு நீங்க சொல்லுதிய. படிச்சவுக. கையில கோல் வச்சிருக்கிய. எனக்குச் சாண் சரியாத்தான் வருது. அப்படின்னா கைதானே சுருங்கியிருக்கணும். தென்காசியில ஒரு வைத்தியர்கிட்ட போயி, வயசானா கை சுருங்குமான்னு கேட்டேன். அவரு என்னப் பைத்தியம்னு நெனச்சிட்டாரு. வீட்ல உள்ளதெல்லாம் சாண் போட்டுப் பாத்தேன். கதவு, கட்டில், அம்மி. எது பழைய அளவுன்னு எனக்கு மறந்து போச்சு. அதுக்கப்புறம் மண்ணுல கை வைக்கவே கூசுச்சு. இங்கன வந்தா அளவு ஒண்ணும் இல்ல. கூடைதான்."

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் என்னால் தன் கையையே சந்தேகப்பட்டு மூன்று மாதம் நடந்திருக்கிறான் என்பது எனக்குள் இறங்கவே இல்லை. கல் வீணானது, உழைப்பு வீணானது என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

"நான் என்ன செய்யணும்?" என்றேன்.

அவர் யோசித்தார். "அன்னைக்கு யாரெல்லாம் நின்னாகளோ, அத்தனை பேரையும் கூப்பிடுங்க. அவுக முன்னால அளங்க."

சூளையில் அறுபது கல் மிச்சம் இருந்தது. கடைசி வண்டி கிளம்பும் முன்பே தள்ளிவிட்டதால் அனுப்பாமல் கிடந்தவை. இடுக்கில் புல் முளைத்திருந்தது. நாலாம் நாள் காலை அவற்றை வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டு வந்தோம். கொத்தனார் வந்தார். வண்டிக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். நான் ஜவுளிக்கடையில் கெஜக்கோலை இரவல் கேட்டபோது, கடைக்காரர் முத்திரைக் கோலைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆசாரி வேலையை நிறுத்திவிட்டுச் சாரத்தில் உட்கார்ந்திருந்தார். பொடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

இருபது கல்லைச் சூளைக்காரர் மனைவி எடுத்துக் கொடுத்தாள், அவர் அடுக்கினார். கடைக்காரர் குனிந்து அளந்தார். ஒவ்வொரு கெஜம் முடியும்போதும் துணி அளக்கிற பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினார். ஐந்தாவது கெஜத்தின் முனை இருபதாவது கல்லின் விளிம்பில் வந்து நின்றது. கல் ஒரே ஒரு நூல் உள்ளே இருந்தது.

"பதினஞ்சு அடி சரியா இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அன்னைக்கு நான் அளந்தது தப்பு. இவர் கல்லுல குறை இல்லை. குறை என் கோல்ல இருந்தது. அதைச் சரிபார்க்காம விட்டது நான்."

பெண்களில் ஒருத்தி, எல்லாரிலும் வயதில் சிறியவள், பக்கத்தில் நின்றவளிடம் கேட்பது போலக் கேட்டாள். "அப்போ நாம உடைச்சதெல்லாம் நல்ல கல்லா?"

பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"ஆமா" என்றேன்.

சூளைக்காரர் அடுக்கிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். கொத்தனார் போய் அவருக்குக் கை கொடுத்தார். சபை அப்படியே கலைந்தது. எனக்கு மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

எழுத்தில் வேண்டாம் என்று எஞ்சினீயர் சொன்னதை மீறி, நடந்தது எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினேன். கல்லுக்கு உண்டான பணத்தைச் சூளைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். பல மாதம் கழித்து அது வந்தது. அவர் கொல்லத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த வெயில் காலத்தில் விடுதியின் சுற்றுச்சுவருக்கு அவர்தான் கல் கொடுத்தார்.

அந்தக் கல்லின் முதல் வண்டி வந்தபோது நான் ஏறக்குறைய வாசலுக்கு ஓடினேன். "அளக்க வேண்டாம், இறக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் மனைவி வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "அளங்கய்யா. அளந்து சரின்னு சொல்லுங்க, அப்புறம் இறக்குவோம்."

"உங்க கல்லை நான் சந்தேகப்பட மாட்டேன்."

"நீங்க சந்தேகப்பட மாட்டிய. இனிமே வாரவுக பட மாட்டாவளா? ஒவ்வொரு வண்டிக்கும் அளந்து எழுதிக் குடுங்க."

அளந்தேன். அந்தச் சுற்றுச்சுவர் முடிகிற வரைக்கும், வண்டிக்கு இருபது கல்லாக, அவள் பக்கத்தில் நின்று பார்க்க, புதிய கோலால் அளந்து சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

என் அறிக்கைக்கும் ஒரு பதில் வந்தது. ஆபீசு அனுமதி இல்லாமல் சொந்தமாக வாங்கிய கருவியை வேலைக்குப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய உயர்வு வரவில்லை. சுற்றுச்சுவர் முடிந்ததும் ரோடு போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அதைக் கேட்டு எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படி இல்லை. எஞ்சினீயரின் சிரிப்புக்குப் பிறகு, நடந்தது தப்புதான் என்று சர்க்கார் பக்கத்திலிருந்து ஒருவராவது சொன்னது அந்தக் காகிதத்தில்தான்.